இரண்டு பேருக்கு மட்டும்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நம் சாலைகளில் திரும்பிய பக்கமெல்லாம் கண்ணில் படுகிறதே பெரோடுவா மைவி 1.5, அதன் என்ஜின் தருவது ஏறக்குறைய 102 குதிரைத்திறன். 1989-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மஸ்டா எம்.எக்ஸ்-5 என்ற இரண்டு இருக்கைத் திறந்த காரின் 1.6 லிட்டர் என்ஜின் தந்தது 116 குதிரைத்திறன். முறுக்குவிசையில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். நீளத்தில் மஸ்டா சில விரற்கடைதான் கூடுதல். எடையும் அப்படித்தான், இரண்டும் ஒரு டன்னை ஒட்டியே நிற்கின்றன.

மைவியில் ஐந்து பேர் ஏறலாம். தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும்போது பால்குடம், சோற்றுப் பானை, பாட்டி, பேரப்பிள்ளை என்று எல்லாமே அதற்குள் அடங்கும். மஸ்டாவில் இரண்டே பேர். பின் பெட்டியில் இரண்டு துணிப்பைகள் வைக்கலாம், மூன்றாவதை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். சரி, வேகமாவது உண்டா? நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட அதற்கு ஒன்பது விநாடி அளவு பிடிக்கும். உச்ச வேகம் 180-ஐச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டு விடும் புரோட்டோன் எக்ஸ்50 டர்போ இதை எளிதாக முந்திவிடும்.

அப்படிப்பட்ட கார் உலகிலேயே அதிகம் விற்ற இரண்டு இருக்கை விளையாட்டுக் கார் என்று 2000-ஆம் ஆண்டு கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அப்போது கணக்கு 531,890. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் ஹிரோஷிமாவில் தயாராகி வெளியே வந்தது. காகிதத்தில் மைவிக்கு அண்ணன் போல இருக்கும் ஒரு கார் எப்படி இங்கே வந்து நின்றது?

இதை நான் யோசிக்கக் காரணம் என் தங்கை. அவள் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறாள். மகனுக்கு 27 வயது, கணினி நிறுவனத்தில் வேலை. நான்கு ஆண்டு சேமிப்பைக் கையில் வைத்துக்கொண்டு 1990-ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டர் ஒன்றை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டான். ஜப்பானில் எம்.எக்ஸ்-5-க்கு அதுதான் பெயர். தங்கை எனக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, பத்து வருசமா பேப்பர்ல காரைப் பத்தி எழுதுறீங்க. அவனுக்கு நீங்கதான் புத்தி சொல்லணும். அவனை விட வயசான காராம். கூரையே துணியாம். ரெண்டே சீட்டாம்! ஒண்ணு அவனுக்கு. இன்னொண்ணு யாருக்குன்னு கேட்டா சிரிக்கிறான்."

அந்த இரண்டாவது இருக்கைதான் அவளுடைய உண்மையான கவலை என்பது எனக்குப் புரிந்தது. அது என் துறை இல்லை. காரைப் பற்றி மட்டும் சொல்கிறேன் என்றேன்.

இந்தக் கார் பிறந்த கதை வேடிக்கையானது. காற்று வாங்கிக்கொண்டு ஓட்டும் சின்னத் திறந்த கார் என்பது ஆங்கிலேயர் சமாச்சாரம். எம்.ஜி., டிரையம்ஃப், லோட்டஸ். தோட்டத்துத் துரை ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்குத் திறந்த எம்.ஜி.யில் போவதைப் பார்க்க லயத்துப் பிள்ளைகள் சாலையோரம் ஓடி வருவார்களாம். என் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தக் கார்கள் பார்க்க அழகு. ஆனால் எண்ணெய் ஒழுகும், மழையில் மின்சாரம் போகும், பாதி வழியில் நிற்கும். 1980-இல் எம்.ஜி. பி, டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் இரண்டின் தயாரிப்பும் நின்றது. மலிவான திறந்த கார் என்ற இனமே அழிந்துவிட்டது என்று உலகம் நினைத்தது.

அதற்குச் சற்று முன்பு, 1979-இல், பாப் ஹால் என்ற அமெரிக்கக் கார்ப் பத்திரிகையாளர் மஸ்டாவின் பொறியியல் தலைவர் கெனிச்சி யாமாமோட்டோவைச் சந்தித்தார். யாமாமோட்டோ சாதாரண ஆள் இல்லை. ரோட்டரி என்ஜினை ஓட வைத்தே தீருவது என்று இளம் பொறியாளர்களைக் கூட்டிப் பல ஆண்டு போராடி வென்றவர். மஸ்டா அடுத்து என்ன கார் செய்யலாம் என்று அவர் கேட்டிருக்கிறார். ஹாலுக்கு ஜப்பானிய மொழி தெரியும். பழைய ஆங்கிலத் திறந்த கார் போல, எளிமையாக, மலிவாக, ஆனால் நின்று போகாத ஒன்றைச் செய்யுங்கள் என்று கரும்பலகையில் வரைந்தே காட்டினார். பத்திரிகைக்காரன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிற நிறுவனங்களும் உலகில் இருந்திருக்கின்றன! ஹால் 1981-இல் மஸ்டாவின் கலிஃபோர்னியா அலுவலகத்திலேயே வேலைக்குச் சேர்ந்தார்.

யாமாமோட்டோவின் மனம் முழுதாக மாறியது ஒரு மலைப்பாதையில் என்பார்கள். அவருக்காக ஒரு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரை ஏற்பாடு செய்து, ஹக்கோனே மலைச் சாலையில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். ஓட்டியவர் சிரித்த முகத்தோடு இறங்கினாராம். 1984-இல் அவர் நிறுவனத் தலைவரானார். அதற்குள் வேலை தொடங்கிவிட்டது. தோக்கியோ குழுவும் கலிஃபோர்னியா குழுவும் போட்டி போட்டன. என்ஜினும் முன்னால், இழுப்பதும் முன் சக்கரம் என்று ஒரு யோசனை. என்ஜின் நடுவில் என்று ஒன்று. என்ஜின் முன்னால், தள்ளுவது பின் சக்கரம் என்று கலிஃபோர்னியாக்காரர்களின் யோசனை. கடைசியாகச் சொன்ன பழைய பாணிதான் வென்றது. சோதனை வண்டி ஒன்றை இங்கிலாந்தில் செய்யச் சொல்லி, 1985-இல் கலிஃபோர்னியாவின் சாந்தா பார்பரா நகரத் தெருக்களில் ஓட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் பின்னாலேயே வந்து என்ன கார், எங்கே கிடைக்கும் என்று விசாரித்திருக்கிறார்கள்.

1989 பிப்ரவரியில் சிகாகோ கார்க் கண்காட்சியில் கார் மேடையேறியது. விலை 13,800 அமெரிக்க டாலர், அன்று ஒரு சாதாரண குடும்பக் காரின் விலைதான். அதே ஆண்டு செப்டம்பரில் ஜப்பானிலும் விற்பனை தொடங்கியது. 1997 வரை ஓடிய அந்த முதல் தலைமுறையில் மட்டும் நான்கு லட்சத்துக்கும் மேல் செய்தார்கள்.

இங்கே ஒரு மலேசிய வாலும் உண்டு. மஸ்டா குழு பாடம் படித்த கார்களில் முக்கியமானது 1960களின் லோட்டஸ் எலான். மஸ்டா வெளிவந்த அதே 1989-இல் லோட்டஸும் ஒரு புது எலானைக் கொண்டுவந்தது. அதில் முன் சக்கரம் இழுத்தது; விலையும் மஸ்டாவைவிட மிக அதிகம். சில ஆண்டுகளிலேயே அடங்கிவிட்டது. 1996-இல் லோட்டஸை வாங்கியது யார்? நம் புரோட்டோன். குரு கற்றுக்கொடுத்த வித்தையைச் சிஷ்யன் விற்றுப் பணமாக்கிய பிறகு, குரு வீடு நம் கைக்கு வந்தது. அந்த வீட்டு வாசம் கொஞ்சம் சத்ரியா ஜி.டி.ஐ.யில் இருந்தது என்பதை ஓட்டியவர்கள் ஒப்புக்கொள்வார்கள். 2017-இல் லோட்டஸும் சீனாவின் கீலி கைக்குப் போய்விட்டது.

சரி, இந்தக் காரின் வித்தைதான் என்ன? திட்டத்துக்குத் தலைமை தாங்கிய தோஷிஹிக்கோ ஹிராய் தன் ஆட்களுக்குக் கொடுத்த வாசகம் 'ஜின்பா இட்டாய்'. குதிரையும் வீரனும் ஓருடல் என்று பொருள். குதிரை மேல் பாய்ந்தபடி அம்பு எய்யும் ஜப்பானிய வித்தையிலிருந்து வந்த சொல். கேட்க விளம்பர வாசகம் போல இருக்கும். ஆனால் காரைத் தூக்கி அடியில் பார்த்தால் ஒவ்வொரு ஆணியிலும் அது தெரியும்.

பால் காவடியை நினைத்துக்கொள்ளுங்கள். நீண்ட கம்பின் இரு முனையிலும் குடம் தொங்கினால், தோளில் வைத்துக்கொண்டு சட்டென்று திரும்ப முடியாது. திரும்பத் தொடங்கவும் நேரமாகும். திரும்பிய பிறகு நிறுத்தவும் பாடுபட வேண்டும். அதே இரண்டு குடத்தையும் தோளுக்கு அருகில் இழுத்துக் கட்டிவிட்டால், எடை அதேதான், ஆனால் உடம்போடு சுழலும். மஸ்டா செய்தது இதைத்தான். என்ஜினை முன் சக்கர அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்தார்கள். பேட்டரியை முன்னாலிருந்து எடுத்துப் பின் பெட்டிக்குள் கொண்டுபோனார்கள். முன் மூடியை அலுமினியத்தில் செய்தார்கள். கியர் பெட்டியையும் பின் அச்சின் டிஃபரன்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டத்தால் ஒன்றாகக் கட்டினார்கள். அதனால் மிதியை அழுத்தியதும் இடையில் எதுவும் முறுக்கிக்கொண்டு தாமதிக்காமல் பின் சக்கரத்துக்குச் செய்தி போகிறது. நான்கு சக்கரத்துக்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன். இந்த விலைக் காருக்கு அன்று அது ஆடம்பரம். இருவர் உட்கார்ந்தால் முன்னுக்கும் பின்னுக்கும் எடை ஏறக்குறைய சரிபாதி.

மைவியில் முன் சக்கரங்களே வண்டியை இழுக்க வேண்டும். அவையே திருப்பவும் வேண்டும். கல்யாண வீட்டில் ஒரே ஆள் சமைத்துக்கொண்டே பந்தியும் பரிமாறுவது போல. அவசரம் இல்லாதவரை எல்லாம் நன்றாக நடக்கும். மஸ்டாவில் திருப்பும் வேலை முன் சக்கரத்துக்கு, தள்ளும் வேலை பின் சக்கரத்துக்கு. அந்த வித்தியாசத்தை ஸ்டீரிங் உங்கள் கைக்குச் சொல்லும்.

நான் முன்பே இதை ஓட்டியிருக்கிறேன். நண்பரிடம் ஒரு சிவப்பு 1.6 இருக்கிறது. தங்கை போன் போட்ட வாரம், தங்கை மகனையும் உடன் அழைத்துக்கொண்டு மறுபடியும் ஓட்டினேன். சுங்கை வேயிலிருந்து விடியற்காலை ஆறு மணிக்குக் கிளம்பி, பத்துமலையைத் தாண்டி, பத்து அணைக்கட்டு வழியாக உலு யாம் போகும் பழைய சாலை. சைக்கிள்காரர்களும் குரங்குகளும் அதிகம் உள்ள பாதை. அங்கே வேகம் காட்ட இடமில்லை, காட்டவும் கூடாது.

அதுதான் விஷயம். 50, 60-இல் போகும்போதே இந்தக் கார் உங்களிடம் பேசத் தொடங்கிவிடுகிறது. மணிக்கட்டை அசைத்தால் கியர் விழுகிறது. இவ்வளவு குட்டையான, இவ்வளவு துல்லியமான கியரை இதற்குப் பிறகு வந்த விலை உயர்ந்த கார்களிலும் நான் அதிகம் கண்டதில்லை. வளைவுக்குள் நுழையும்போது எந்தச் சக்கரம் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று இருக்கையில் உட்கார்ந்தபடியே தெரிகிறது. இரண்டாவது கியரில் 6,000 சுற்று வரை என்ஜினைப் பாட விட்டாலும் பெரிய வேகம் வருவதில்லை. கூரை இல்லாததால் ஈரக் காட்டின் வாசமும் அணைக்கட்டின் குளிர் காற்றும் முகத்தில் அடிக்கின்றன. இன்றைய 300 குதிரைத்திறன் கார்களில் இந்தச் சுகத்தில் பாதியைத் தொடுவதற்குள் சம்மன் வந்துவிடும். இல்லை, அதற்கு முன் ஆஸ்பத்திரி வந்துவிடும். கூட்டரசு நெடுஞ்சாலையில் நள்ளிரவில் பறக்கும் நம் பிள்ளைகள் தேடுவது என்னவென்று யோசித்திருக்கிறேன். வேகம்தான் என்று அவர்களே நம்புகிறார்கள். வண்டி தன் சொல் கேட்கிறது என்ற உணர்வைத்தான் அவர்கள் தேடுகிறார்கள் என்பது என் எண்ணம். இந்தக் கார் அதை அறுபதிலேயே கொடுத்துவிடுகிறது.

பக்கத்து இருக்கையில் இருந்தவன் அரை மணி நேரம் வாயே திறக்கவில்லை. பிறகு, "மாமா, நான் ஓட்டவா?" என்றான். ஓட்டினான். நன்றாகவே ஓட்டினான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மத்தியான வெயிலில் கூரையைத் திறந்து போகிறவர்கள் விளம்பரத்தில் மட்டும்தான் உண்டு. நம் ஊரில் இதைத் திறக்க விடியற்காலை, இல்லையென்றால் இரவு பத்து மணிக்கு மேல். மழை பிடித்தால் பின் சக்கரம் தள்ளும் வண்டியில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். வழுக்கலைச் சமாளிக்கும் மின்னணு உதவி எதுவும் இதில் இல்லை. பழைய ஜப்பான் வண்டிகள் பலவற்றில் ஏர்பேக்கும் இல்லை. குழந்தை உள்ள வீட்டுக்கு இது ஒரே காராக இருக்கவே முடியாது.

உலு யாமிலிருந்து திரும்பிய மறுவாரம், விற்பனைக்கு இருந்த வண்டியைப் பார்க்கக் கிள்ளானுக்குப் போனோம். எங்கள் சுங்கை வே போமன் ஒருவரையும் கூட்டிக்கொண்டேன். அறுபதைத் தாண்டியவர். மஸ்டா எங்கள் வட்டாரத்துக்குப் புதிதில்லை. பெட்டாலிங் ஜெயாவில் ஆசியா ஆட்டோமொபைல் இண்டஸ்ட்ரீஸ் என்ற ஆலையில் ஒரு காலத்தில் மஸ்டா கார்களைப் பொருத்தி வெளியே அனுப்பினார்கள். ரோட்ஸ்டர் மட்டும் அங்கே பொருத்தப்படவில்லை, ஹிரோஷிமாவிலேயே தயாரானது. இங்கே ஓடுகிற பழைய வண்டிகள் ஜப்பானிலிருந்து முழுதாக இறக்குமதியானவை. ஆனால் அதே பி வகை என்ஜின் குடும்பம்தான் மஸ்டா 323-லும், எண்பது தொண்ணூறுகளில் நம் ஊர் முழுக்க ஓடிய ஃபோர்டு லேசரிலும் இருந்தது. போமன் அண்ணன் லேசரில் தொழில் படித்தவர். மூடியைத் திறந்ததும், "இது நம்ம வீட்டுப் பிள்ளைதான்" என்றார்.

வண்டி பளபளவென்று இருந்தது. புதுப் பச்சைச் சாயம், புதுக் கூரை, மர ஸ்டீரிங். தங்கை மகன் கண்ணில் ஒளி. கேட்ட விலை புது மைவியின் விலையைத் தாண்டியது.

போமன் சாயத்தைப் பார்க்கவே இல்லை. முதலில் கிராங்க் புல்லியை எட்டிப் பார்த்தார். 1991 வாக்கில் மாற்றும்வரை வந்த 1.6 என்ஜின்களில் கிராங்கின் மூக்கு குட்டை. புல்லியைச் சரியாக முறுக்காமல் விட்டால் நாளடைவில் அது ஆடி, சாவிப் பள்ளத்தைத் தின்றுவிடும். பிறகு என்ஜினையே பிரிக்க வேண்டும். புல்லியில் நான்கு பிளவு இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் நீளமானது. இதில் நான்கு. ஆனால் ஆட்டமில்லை. டைமிங் பெல்ட்டைக் கேட்டார். மாற்றிய ரசீது இருந்தது. இந்த என்ஜினில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாது. வண்டி நிற்கும், என்ஜின் பிழைக்கும். கிளட்ச் எண்ணெய் ஒழுகவில்லை. முன் விளக்குகள் இரண்டும் கண் விழிப்பது போல ஒன்றாக எழுந்தன. எல்லாம் நல்லபடியாகத்தான் போனது.

பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்தார். கதவுக்குக் கீழே, பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் உள்ள தகட்டில் வைத்தார். வலப்பக்கம் ஒட்டியது. இடப்பக்கம் வைத்தார், விழுந்தது. இன்னோர் இடத்தில் வைத்தார், மறுபடியும் விழுந்தது. சாயத்துக்குக் கீழே இரும்பு இல்லை, பட்டிதான் இருக்கிறது என்று அர்த்தம்.

"தண்ணி போத்தல் இருக்கா தம்பி?" என்றார். கூரையை மடித்து, அது உட்காரும் கால்வாயில் இடப்பக்கம் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினார். நல்ல வண்டியென்றால் அந்தத் தண்ணீர் ஒரு குழாய் வழியாகப் பின் சக்கரத்துக்கு முன்னால் தரையில் சொட்ட வேண்டும். சொட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் இருக்கைக்குப் பின்னால் கம்பளம் நனைந்தது. இலை தழை அடைத்து, எத்தனை மழைக்காலத் தண்ணீர் அந்தத் தகட்டுக்குள் தேங்கியதோ!

தங்கை மகன் விடவில்லை. "வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகடு வச்சுப் பத்த வச்சா ஆகாதா அண்ணே?"

"ஆகும் தம்பி. ஆனா உள்ள எவ்வளவு தின்னிருக்குன்னு வெட்டினாத்தான் தெரியும். மைவின்னா மேல கூரை தாங்கும். இதுக்கு மேல ஒண்ணுமில்ல. இந்த ரெண்டு ஓரம்தான் முதுகெலும்பு. எவனாவது பக்கவாட்டுல வந்து இடிச்சா..." அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

திறந்த காரின் பலம் முழுவதும் தரையிலும் இந்தப் பக்கச் சட்டங்களிலும்தான் இருக்கிறது. சாதாரண காரில் துரு என்றால் அழகு கெடும், விலை குறையும். இதில் அது உயிர் விஷயம். அந்த இடத்தில் பட்டி வைத்துப் பூசி விற்பவருக்கு இது தெரிந்திருக்காது என்று நான் நம்பத் தயாரில்லை. நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினோம். வரும் வழியில் யாரும் பேசவில்லை. சுங்கை வே மாமாக் கடையில் தே தாரிக் வந்த பிறகுதான் அவன் வாயைத் திறந்தான்: "வேற ஒண்ணு பார்ப்போம் மாமா."

அவனுக்கு நான் சொன்னதை வாசகர்களுக்கும் சொல்கிறேன். வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தினமும் வேலைக்குப் போக வேறு வண்டியோ எல்.ஆர்.டி.யோ இருக்க வேண்டும். இது வார இறுதிக்கு. இவ்வளவு பழைய வண்டிக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் வாங்காதீர்கள், சொந்தப் பணம் இருந்தால் மட்டும் இறங்குங்கள். வாங்கிய விலைக்கு மேல் ஒரு தொகையைத் தனியே எடுத்து வையுங்கள், முதல் ஆண்டிலேயே அது தேவைப்படும். பழைய கார்களுக்கு முழுக் காப்புறுதி தரப் பல நிறுவனங்கள் தயங்கும். எனவே பணம் கட்டுவதற்கு முன்பே விசாரித்து, ஒப்புக்கொண்ட மதிப்பை எழுத்தில் வாங்குங்கள். கிராண்டில் உள்ள என்ஜின் எண்ணும் சட்ட எண்ணும் வண்டியோடு ஒத்துப்போகிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். ஹாஃப் கட் என்ஜினைத் தூக்கி வைத்துவிட்டு, பதிவு மாற்றாமல் விற்கும் வண்டிகள் புஸ்பாகோம் சோதனையில்தான் மாட்டும். அதற்குள் உங்கள் முன்பணம் போயிருக்கும்.

ஆறுதலான செய்தியும் உண்டு. 1,597 சி.சி. என்பதால் தீபகற்ப மலேசியாவில் தனியார் காராக இதற்குச் சாலை வரி ஆண்டுக்கு 90 வெள்ளிதான். 1993-க்குப் பிறகு வந்த 1.8 லிட்டர் வாங்கினால் அது 300 வெள்ளியை ஒட்டிப் போய்விடும். அதிகத் திறன் வேண்டும் என்று 1.8-ஐத் தேடுகிறவர்கள் உண்டு. என் ஓட்டு 1.6-க்குத்தான், வரிக்காக மட்டுமல்ல, அதன் என்ஜின் இன்னும் துள்ளலாக மேலேறும். ரோன்95 போதும். ஹோண்டா எஸ்2000 பற்றிக் கேட்டு எழுதுகிறவர்களுக்கு: அது வேறு சாதி மிருகம், 9,000 சுற்றைத் தொடும் என்ஜின், வேறு விலை, வேறு பயம். முதல் திறந்த காராக அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

உதிரிப் பாகத்துக்கும் அவ்வளவு பஞ்சமில்லை. 2017-இல் மஸ்டாவே ஜப்பானில் முதல் தலைமுறைக் கார்களைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை அறிவித்தது. கூரைத் துணி, மர ஸ்டீரிங் என்று நின்று போன பாகங்களை மறுபடியும் செய்தார்கள். பழைய டயரின் அதே வடிவத்தைக்கூடப் பிரிஜ்ஸ்டோனிடம் சொல்லி மறுபடி கொண்டுவந்தார்கள். முப்பது ஆண்டு பழைய காருக்கு இந்த மரியாதை செய்யும் நிறுவனங்கள் குறைவு.

வாங்கிவிட்டவர்கள் இரண்டு காரியத்தை மறக்க வேண்டாம். கூரையை மடிப்பதற்கு முன் பின்னால் உள்ள பிளாஸ்டிக் சன்னலின் ஜிப்பைத் திறந்து கீழே படுக்க வையுங்கள். அப்படியே மடித்தால் நம் வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் அப்பளம் போல உடையும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கூரைக் கால்வாயின் வடிகுழாயில் மெல்லிய பிளாஸ்டிக் கம்பியை விட்டு அடைப்பை எடுங்கள். ஐந்து நிமிட வேலை. கிள்ளான் வண்டியின் பழைய சொந்தக்காரர் யாராவது இதைச் செய்திருந்தால் என் தங்கை மகன் இன்று அதை ஓட்டிக்கொண்டிருப்பான்.

தங்கையிடம் நடந்ததைச் சொன்னேன். "அப்பாடா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அந்தக் காட்டு ரோட்டுல காத்து நல்லா இருந்துச்சாமே, வந்து சொன்னான்" என்றாள். அவன் இப்போது சட்டைப்பையில் ஒரு காந்தம் வைத்திருக்கிறான். ஈப்போவில் ஒரு வெள்ளை 1.6 இருக்கிறதாம், வரும் ஞாயிறு பார்க்கப் போகிறோம். போமன் அண்ணனும் வருகிறார்.